கன்செஷன் – தமிழில் என்ன எழுதுவது? (புரைமி பாடம்)

அன்புள்ள குழுவினருக்கு,

அபுதாபி–ஓமன் எல்லையிலுள்ள புரைமிப் பாலைவனச் சோலை யாருக்கு என்று சவூதியோடு நடந்த தகராறு பற்றிய ஒரு வரலாற்றுப் பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். 'ஆயில் கன்செஷன்' என்பதற்குச் 'சலுகை' என்று போட்டிருக்கிறேன். ஆனால் படிப்பவர் தள்ளுபடி என்றே நினைப்பார். 1933 மே மாதம் சவூதி அரசு கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனிக்குக் கொடுத்தது தள்ளுபடி இல்லை. நாட்டின் கிழக்குப் பகுதியில் 60 ஆண்டுகளுக்கு எண்ணெய் எடுக்கும் உரிமை. அந்தக் கிழக்கு எங்கே முடிகிறது? வளைகுடா ஷேக்குகளின் வெளியுறவு பிரிட்டன் கையில் இருந்ததால், 1934இல் அமெரிக்கா லண்டனைக் கேட்டது. லண்டன் காட்டியது, துருக்கியரோடு 1913இல் கையெழுத்தாகி, உறுதிசெய்யப்படாமலே போன ஒப்பந்தத்தின் எல்லைக்கோட்டை, அதாவது நீலக்கோட்டை. 1939இல் அபுதாபி ஷேக், ஈராக் பெட்ரோலியம் கம்பெனியின் கிளை நிறுவனத்துக்கு 75 ஆண்டு உரிமை கொடுத்தார். இரண்டு பத்திரங்களும் ஒரே பாலைவனத்தில் மோதின. இதற்கு ஒரு சொல் வேண்டும்.
– செ.

செ. அவர்களுக்கு,

சொல் நம்மிடமே இருக்கிறது: முற்றூட்டு. முழுதும் தானே அனுபவிக்கும்படி ஒருவருக்கு விடப்பட்ட நிலம் அது. முற்று + ஊட்டு. ஊண், ஊட்டு, ஊட்டம் எல்லாம் ஒரே வேர். நிலமே ஒருவனை ஊட்டுகிறது! ராயல்டிக்கு மேல்வாரம் என்று வையுங்கள். விளைச்சலில் நிலத்துக்குடையவர் பங்கு அதுதான். குடிவாரம் கம்பெனிக்கு.
– மு.

ஐயா, மேல்வாரம் அருமை, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முற்றூட்டு சர்வமானியம் அல்லவா? வரி கட்ட வேண்டாம். இங்கே கம்பெனி தங்கமாக எண்ணிக் கொடுத்தது. அப்புறம், என் வகுப்புப் பிள்ளைகளுக்கு முற்றூட்டு என்றால் அரை மணி நேரம் விளக்க வேண்டும். 'எண்ணெய்க் குத்தகை' போடுங்கள். ஏரி மீனையும் புளியமரத்தையும் குத்தகைக்கு விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.
– ப.

'அகழ்வுரிமை' ஆகாதா?
– தி.

எண்ணெயை அகழ்வதில்லை, துளையிட்டு எடுக்கிறார்கள்.
– ப.

ப. அம்மா, புரியவேண்டும் என்பதற்காகத் தவறான சொல்லை ஏற்க முடியாது. குத்தகை என்றால் நிலமே கைமாறியதாகப் படிப்பார்கள். புரைமியில் பேரீச்சந்தோப்பும் ஃபலஜ் என்ற பாசன வாய்க்காலும் ஊராரிடமே இருந்தன. சண்டை அதற்கு மேலே, யார் ஆட்சி என்பதில். ஜகாத் (இஸ்லாமிய மத வரி) வசூலித்தோம், குலங்கள் எங்களுக்குக் கட்டுப்பட்டவை என்று சவூதி வாதாடியது. அங்கே எல்லை கல் நட்டதல்ல, ஆளோடு நடப்பது. தொல்காப்பியம் பாலைக்கெனத் தனி நிலம் சொல்லாததை நினைத்துப் பாருங்கள்...
– மு.

ஐயா, பாலைத்திணைக்குத் தனி இழை தொடங்கலாம். உரிமைக்கும் பரப்புக்கும் ஒரே சொல் கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும். அபுதாபியின் 1939 பத்திரம் கண்டத்திட்டுக்கு (கரைக்கடலுக்கு அப்பாலுள்ள கடலடி நிலத்துக்கு) செல்லாது என்று 1951இல் நடுவர் ஆஸ்குவித் பிரபு தீர்ப்பளித்தார்; வழக்கே பரப்பைப் பற்றியதுதான். 'குத்தகைப் பரப்பு' என்றால் தெளிவாக இருக்கும். முற்றூட்டுப் பரப்பு வாயில் நுழையவில்லை.
– தி.

சரி, எண்ணெய்க் குத்தகை, குத்தகைப் பரப்பு, மேல்வாரம் என்று எழுதிவிடுகிறேன். பெரும்பான்மை அதற்குத்தான். 1952இல் சவூதி அதிகாரி துர்க்கி பின் உதைஷான் புரைமியின் ஹமாசா ஊருக்கு வந்தது, 1955இல் ஜெனீவா நடுவர் மன்றம் முறிந்தது, அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் நடத்திய படை புரைமியைப் பிடித்தது எல்லாம் இந்தச் சொற்களோடு தடையின்றி ஓடுகின்றன.
– செ.

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். சவூதியும் அமீரகமும் செய்த 1974 ஜித்தா எல்லை ஒப்பந்தப்படி, ஷைபா–ஸராரா எண்ணெய் வயல் எல்லை தாண்டி அமீரகத்துக்குள் நீண்டாலும் எண்ணெய் முழுதும் சவூதிக்கு. மண் ஒருவருக்கு, அடியில் உள்ளது இன்னொருவருக்கு; வாடகையும் இல்லை, தவணையும் இல்லை. அந்தப் பத்தியில் குத்தகை என்று எழுத முடியாது. அங்கே என்ன போடப் போகிறீர்கள்?
– மு.