பழைய எக்ஸ்பி கணினிக்கு ஏற்ற ஆட்டங்களை எங்கே பெறுவது?

தோ பாயோ வாசி:
அனைவருக்கும் வணக்கம். அப்பா பயன்படுத்திய மேசைக் கணினி எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாமான் அறையில் கிடந்தது. பென்டியம் 4, 1 ஜிபி நினைவகம், விண்டோஸ் எக்ஸ்பி. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பின்னோக்கிப் போய்விடுகிறதே தவிர, வேறு கோளாறு தெரியவில்லை. என் மகனுக்கு ‘சிம் சிட்டி 2000’ போன்ற ஆட்டங்களைக் காட்ட வேண்டும் என்பது ஆசை. ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் மென்பொருளை நிறுவ முடியவில்லை. அப்பா வைத்திருந்த சில ஆட்ட வட்டுகளும் என் விண்டோஸ் 10 மடிக்கணினியில் இயங்க மறுக்கின்றன. முறையான வழி ஏதேனும் உண்டா?

ஈசூன் அன்பர்:
ஸ்டீம் 2019 ஜனவரி 1ஆம் தேதியுடன் எக்ஸ்பியைக் கைவிட்டுவிட்டது. தேதிச் சிக்கலுக்குக் காரணம் தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பொத்தான் மின்கலம், பேரங்காடியிலேயே கிடைக்கும்.

பழைய வட்டு:
ஐயா, அந்த வட்டுகளை வீசிவிடாதீர்கள். அக்காலத்தில் பல ஆட்டங்களில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு இருந்தது. அதற்குரிய இயக்கி பாதுகாப்புக் குறை உடையது என்பதால் மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸ் 10இல் சேர்க்கவே இல்லை, 2015இல் விண்டோஸ் 7இலும் முடக்கிவிட்டது. ஆகவே மடிக்கணினி மறுக்கும் வட்டு உங்கள் எக்ஸ்பியில் தடையின்றி ஓடக்கூடும். இந்த வகையில் புதிய கணினியைவிட உங்களுடையதே மேல் என்பேன்.

சிம் சிட்டி 2000, 1993இல் வந்தது. அதை ஜிஓஜி தளத்தில் வாங்கலாம். அங்கு விற்கும் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) ஆட்டங்கள் பெரும்பாலும், அவற்றை இன்றைய கணினியில் இயக்க உதவும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுடன் வருகின்றன. நிறுவி எக்ஸ்பியில் முரண்டு பிடித்தால், மடிக்கணினியில் நிறுவி, ஆட்டக் கோப்புறையை மட்டும் யுஎஸ்பி விரலியில் எடுத்துவந்து, பழைய கணினியில் தனியாக நிறுவிய டாஸ்பாக்ஸ் வழியே இயக்குங்கள். ஆட்டம் மெதுவாக நகர்ந்தால் கண்ட்ரோல் விசையுடன் எஃப்12ஐ அழுத்துங்கள். மிதமிஞ்சிய வேகத்தில் ஓடினால் எஃப்11. பென்டியம் 4இல் 1990களின் தொடக்க கால ஆட்டங்களுக்கு இது போதும். பிற்பகுதியில் வந்த கனமான டாஸ் ஆட்டங்கள் திணறும்.

தோ பாயோ வாசி:
மிக்க நன்றி. இலவசமாக, அதே நேரத்தில் சட்டப்படி ஏதாவது கிடைக்குமா? ‘கைவிடப்பட்ட ஆட்டங்கள்’ என்று சில தளங்கள் அள்ளித் தருகின்றனவே.

பழைய வட்டு:
விற்பனை நின்றுவிட்டதால் பதிப்புரிமை அற்றுப்போவதில்லை. அத்தளங்களைத் தவிர்ப்பதே நல்லது. உரிமையாளர்களே இலவசமாக்கியவை உள்ளன. 1994இல் வந்த ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ 2003 முதல், பழைய ஆட்டங்களை இயக்க உதவும் ஸ்கம்விஎம் மென்பொருளின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஈசூன் அன்பர்:
வட்டுகளுக்குப் பழைய பொருள்கள் விற்கப்படும் கரோசெல் தளத்தில் தேடுங்கள். முன்பென்றால் சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தையைச் சொல்லியிருப்பேன். 2017இல் அதையும் மூடிவிட்டார்கள். வாங்குமுன் வட்டின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; உறையில் அச்சிட்ட நிறுவல் குறியெண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லையென்றால் வட்டு கீறலின்றி இருந்தும் நிறுவ முடியாமல் போகலாம். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால், அந்தக் கணினியை இணையத்தில் இணைக்கவே வேண்டாம்.