உதவி, அவசரம்: வீட்டு ஸ்டூடியோவுக்கு நல்ல ஓடியோ இன்டர்பேஸ் எது? அண்ணா சனிக்கிழமை வெளிக்கிடுகிறார்

முள்ளியவளைப்_பொடியன்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் சின்னதாக ஒரு ரெக்கோர்டிங் ஸ்டூடியோ போடுகிறேன். நல்ல ஓடியோ இன்டர்பேஸ் ஒன்று சொல்லுங்கள். அண்ணா கனடாவிலிருந்து சனிக்கிழமை வெளிக்கிடுகிறார், அங்கேயே வாங்கிக்கொண்டு வருவார், ஆகவே நாளைக்குள் சொன்னால் பெரிய உதவி. ஸ்கார்லெட் சோலோ நல்லது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், அதையே எடுக்கச் சொல்லவா?

கிளிநொச்சி_கீபோர்ட்:
எதைப் பதிவு செய்யப் போகிறீர்கள்? பாட்டா, கீபோர்டா, யூடியூப்புக்குப் பேச்சா? ஒரே நேரத்தில் எத்தனை மைக்? லாப்டொப்பா, போனா? பட்ஜெட் எவ்வளவு? இவை தெரியாமல் எந்தப் பெயரைச் சொன்னாலும் குத்துமதிப்புத்தான்.

வவுனியா_ஒலியகம்:
தம்பி, வீடியோ பார்த்துச் சாமான் வாங்குவதை முதலில் விடுங்கள். இன்டர்பேஸ் செய்கிற வேலை இவ்வளவுதான்: மைக்கிலிருந்து வரும் சிறிய மின்சைகையைப் பெருப்பித்து, அதை எண்ணாக மாற்றி, கொம்பியூட்டருக்குக் கொடுப்பது. இதை விளங்கிக்கொண்டால் என்ன தேவை என்று உங்களுக்கே தெரியும். பழைய இழைகளில் நான் எல்லாம் விளக்கமாக எழுதியிருக்கிறேன். வாசித்துவிட்டு வாருங்கள், பிறகு கதைப்போம்.

மாங்குளம்_வயரிங்:
எந்த இன்டர்பேஸ் பெட்டி வாங்கினாலும் முதலில் வீட்டு எர்த் சரியா என்று பாருங்கள். எங்கள் பக்கம் கன வீடுகளில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கிறது. லாப்டொப் சார்ஜரைக் குத்தியவுடன் ஹெட்செட்டில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் பிழை பெட்டியில் இல்லை, கரண்ட் வழியில். 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வரும் இரைச்சல் அது. விலை கூடின பெட்டி வாங்கி அதைத் தீர்க்க முடியாது.

முள்ளியவளைப்_பொடியன்:
வேலையில் நிற்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியப்பா கூத்து அண்ணாவியார், கூத்தைப் பழக்கி ஆட வைப்பவர். அவருக்குத் தெரிந்த பாட்டுகளை எல்லாம் எடுத்து வைக்க வேண்டும். அவர் பாடுவார், இன்னொருவர் மத்தளம் அடிப்பார். லாப்டொப் இருக்கிறது, கொஞ்சம் பழையது.

கிளிநொச்சி_கீபோர்ட்:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தம்பி! அப்படியானால் சோலோ வேண்டாம். அதில் மைக் பூட்டும் வழி ஒன்றுதான், மற்றது கிட்டாருக்கு. பெரிங்கர் யூஎம்சி 22 உம் அதே கதை. பெட்டியில் 2x2 (இரண்டு உள்ளே, இரண்டு வெளியே) என்று பெரிதாகப் போட்டிருக்கும், ஆனால் மைக் சைகையைப் பெருப்பிக்கிற ப்ரீஆம்ப் ஒன்றே ஒன்று. இப்படி ஏமாந்தவர்கள் நிறைய. உங்களுக்கு இரண்டு மைக்கை ஒரே நேரத்தில் தனித்தனி ட்ராக்கில் எடுக்கிற பெட்டி வேண்டும். காசு குறைவென்றால் பெரிங்கர் யூஎம்சி 202 எச்டி, கொஞ்சம் கூடப் போகலாம் என்றால் ஸ்கார்லெட் 2ஐ2. இரண்டும் யூஎஸ்பி வயரிலேயே இயங்கும், தனி அடாப்டர் தேவையில்லை. கரண்ட் போனாலும் லாப்டொப் பேட்டரியில் பதிவு நடக்கும்.
லாப்டொப்பில் என்ன விண்டோஸ்? புதிய ஸ்கார்லெட்டுக்கு விண்டோஸ் 10 ஆவது வேண்டும்.

இரணைமடு_ராகம்:
ஒலியை நொடிக்கு 192 ஆயிரம் தடவை அளக்கிற, அதாவது 192 கிலோஹேர்ட்ஸ் வரை போகிற பெட்டியாகப் பாருங்கள். பெரியவர்களின் குரலை ஒருமுறைதான் எடுக்கலாம், எடுக்கும்போது ஆகக் கூடிய தரத்தில் எடுக்க வேண்டும்.

வவுனியா_ஒலியகம்:
இது தவறான அறிவுரை. மனிதக் காது 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் கேட்காது. 48 கிலோஹேர்ட்ஸில் எடுத்தால் அதில் பாதி, 24 கிலோஹேர்ட்ஸ் வரையான ஒலி பதிவாகும், அது போதும். கணக்கைப் பாருங்கள்: 24 பிட் (ஒவ்வொரு அளவையும் எழுதுகிற நுணுக்கம்), 48 இல் இரண்டு ட்ராக் ஒரு மணி நேரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு ஜிபி. 192 என்றால் நான்கு ஜிபிக்கு மேல். பழைய லாப்டொப் நடுவில் திணறி நின்றால் அந்தப் பாட்டுப் போய்விடும். முக்கியம் 24 பிட். ஆகப் பெரிய சத்தத்துக்கும் மீட்டரில் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கும்படி வைத்து, மேலே இடம் விட்டு எடுக்கலாம். மத்தளத்தில் திடீரென்று ஓர் அடி ஓங்கி விழுந்தாலும் பதிவு வெடித்துச் சிதையாது.

இரணைமடு_ராகம்:
ஹார்ட் டிஸ்க் விலை என்ன, அண்ணாவியாரின் குரலின் விலை என்ன?

கிளிநொச்சி_கீபோர்ட்:
இரணைமடு, உங்கள் ஆதங்கம் விளங்குகிறது. ஆனால் குரல் கெடுவது 48 ஆலா? அறையாலும் மைக்காலும்தானே கெடுகிறது.
தம்பி, என்ன மைக் வைத்திருக்கிறீர்கள்? அறை எப்படி? தகரக் கூரையா?

தண்ணீரூற்று_தாளம்:
நான் மத்தளம் அடிக்கிறவன், பெட்டிகளைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாவியாரைத் தனியாக ஓர் அறையில் இருத்தி, காதில் ஹெட்செட் மாட்டி, மத்தளத்தைப் பிறகு சேர்க்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். தரு என்கிற, தாளத்தோடு வரும் பாட்டைப் பாடும்போது அவர் மத்தளக்காரனின் கையைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுவார், தாளக்கட்டில்லாத விருத்தத்தில் அவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று பார்த்துத்தான் நாங்கள் கை வைப்போம். பிரித்து வைத்தால் இரண்டு பேரும் கெட்டுப்போவார்கள்.

வவுனியா_ஒலியகம்:
தனித்தனியாக எடுத்தால்தான் பிறகு திருத்தலாம். குரலில் ஒரு சுரம் விலகினால் அதை மட்டும் சரி செய்யலாம். ஒன்றாக எடுத்தால் மத்தளம் குரல் மைக்கிலும் விழும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. உலகத்தில் கன ஸ்டூடியோக்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன.

தண்ணீரூற்று_தாளம்:
எதற்குத் திருத்த வேண்டும்? சினிமாப் பாட்டா எடுக்கிறோம்? அண்ணாவியார் எப்படிப் பாடினாரோ அப்படியே இருக்க வேண்டும். சுரம் விலகுகிறது என்று நீங்கள் சொல்கிற இடம்தான் அந்த மெட்டே. அதை மெஷினால் நேராக்கினால், நாளைக்கு அதைக் கேட்டுப் பழகுகிற பிள்ளை பிழையாகத்தான் பழகும்.

இரணைமடு_ராகம்:
தாளம் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்களிடம் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தவை எத்தனை 2009 இல் இடம்பெயர்வோடு போய்விட்டன. மிஞ்சியது ஆட்களின் தொண்டையில் இருப்பதுதான்.

வவுனியா_ஒலியகம்:
அதை நான் மறுக்கவில்லை. தொழில்நுட்பம் வேறு, உணர்வு வேறு. பிரிந்த ட்ராக் கையில் இருந்தால் திருத்தாமலும் விடலாம், ஆனால் இல்லாததைப் பிறகு உருவாக்க முடியாது.

புதுக்குடியிருப்பு_பதிவு:
இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இருவரையும் ஒரே அறையில் முகம் பார்க்க இருத்துங்கள். இரண்டுமே டைனமிக் மைக்காக (தூரத்து மெல்லிய சத்தங்களை அதிகம் எடுக்காத வகை) வையுங்கள். ஷூர் எஸ்எம்58 குரலுக்கு, எஸ்எம்57 மத்தளத்துக்கு. இவை முன்னால் இருப்பதைத்தான் பிரதானமாக எடுக்கும், பின்பக்கத்துச் சத்தத்தைக் குறைக்கும். ஆகவே குரல் மைக்கின் முதுகு மத்தளத்தைப் பார்க்கும்படி வைத்தால் பாதி வேலை முடிந்தது. வாயிலிருந்து மைக் ஒரு சாண் தூரம் என்றால், மத்தளம் அந்த மைக்கிலிருந்து குறைந்தது மூன்று சாணுக்கு அப்பால் இருக்கட்டும், ஐந்தாறு சாண் என்றால் இன்னும் நல்லது. பிரிவு முழுதாகக் கிடைக்காது, ஆனால் குரலைக் கூட்டிக் குறைக்கிற அளவுக்குக் கிடைக்கும்.
கண்டென்சர் மைக் வாங்கி வரச் சொல்லாதீர்கள். தகர வீட்டில் அது மயில் அகவுவதையும் அடுத்த வளவு மோட்டரையும் சேர்த்தே எடுத்துத் தரும். மாரி காலத்து ஈரத்தில் பொரிகிற மாதிரி இரைச்சலும் தரும். டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் பாண்டம் பவர் (மைக் வயரிலேயே பெட்டி அனுப்பும் மின்சாரம்) தேவையில்லை, சுவிட்சை அணைத்தே வையுங்கள். இவற்றின் சைகை மெல்லியது என்று சிலர் பயமுறுத்துவார்கள். கூத்துக் களரியில் மைக் இல்லாமல் பாடிப் பழகிய தொண்டைக்கு அந்தப் பயம் வேண்டாம், 202 எச்டியே தாராளம்.
எஸ்எம்58 இல் போலி நிறைய உலவுகிறது. அண்ணா கனடாவில் நல்ல கடையில் வாங்கினால் நிம்மதி. பெட்டியில் மிச்சம் பிடிக்கிற காசை மைக்கில் போடுங்கள். மைக் உங்களோடு கனகாலம் இருக்கும், பெட்டியோ, கொம்பியூட்டரில் அதை இயக்குகிற டிரைவர் மென்பொருள் வருவது நின்றால் போய்விடும்.
பதிவு செய்யும்போது டைரக்ட் மொனிட்டரை (கொம்பியூட்டரைச் சுற்றாமல் மைக்கை நேரே கேட்கிற வசதி) போட்டு நீங்கள் மட்டும் ஹெட்செட்டில் கேளுங்கள், பெரியப்பாவுக்கு ஹெட்செட் வேண்டாம். மென்பொருளுக்கு ரீப்பர் போதும், 60 நாள் காசில்லாமல் பாவித்துப் பார்க்கலாம்.

மாங்குளம்_வயரிங்:
கோயில் வெளியிலும் எடுக்கிற எண்ணம் இருந்தால் இன்டர்பேஸை விட்டுவிட்டு ஸூம் எச்4என் ப்ரோ மாதிரி ஒரு கையடக்க ரெக்கோடரைப் பாருங்கள். சின்னப் பேட்டரி இரண்டில் ஓடும், வெளி மைக் இரண்டு பூட்டலாம், வீட்டில் யூஎஸ்பியில் குத்தினால் அதுவே இன்டர்பேஸ். எர்த் பிரச்சினையும் இல்லை.

கிளிநொச்சி_கீபோர்ட்:
அதுவும் நல்ல யோசனை. பிற்பாட்டுக்காரர்களையும் சேர்த்து நான்கு மைக் என்றால் யூஎம்சி 404 எச்டி. ஆனால் அதற்குத் தனி அடாப்டர் உண்டு. கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரில் 100-240 என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் குத்த வேண்டாம்.
தம்பி, விண்டோஸ் என்ன என்று இன்னும் சொல்லவில்லை.

வவுனியா_ஒலியகம்:
ஆளைக் காணவில்லை. எழுதுவதெல்லாம் நாங்கள், கேட்டவர் போய்விட்டார்.

முள்ளியவளைப்_பொடியன்:
விண்டோஸ் 10. தகரக் கூரைதான். 202 எச்டியும் ஒரு 58 உம் ஒரு 57 உம் அண்ணாவுக்குச் சொல்லியாயிற்று, இன்றே வாங்குகிறாராம். எல்லோருக்கும் நன்றி. ஸ்டாண்டும் அங்கேயே வாங்கச் சொல்லவா?

புதுக்குடியிருப்பு_பதிவு:
வேண்டாம், ஸ்டாண்ட் பாரம், அவரின் கிலோக் கணக்கைத் தின்றுவிடும். இங்கே சவுண்ட் சேர்விஸ்காரரிடம் வாடகைக்கே எடுக்கலாம். மைக்கை இன்டர்பேஸில் பூட்டுகிற எக்ஸ்எல்ஆர் வயர் இரண்டை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், மைக் பெட்டிக்குள் பெரும்பாலும் வயர் வராது.

தண்ணீரூற்று_தாளம்:
பெரியப்பாவுக்குத் தொண்டை நன்றாக இருக்கிற நாளாகப் பார்த்து, மழை தொடங்க முன் எடுத்துவிடுங்கள். மத்தளத்துக்கு ஆள் வரமுடியாமல் போனால் எனக்கு எழுதுங்கள், பக்கத்தில்தான் இருக்கிறேன்.