சுட்ட பானையா, சுடாத பானையா? கலரியில் கரைந்த மண்ணும் கவிதை ஊற்றும்

வத்தளை வாசன் | இரவு 9.40

பக்கத்துத் திரியில் "எழுத வராமல் அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்" என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. அதற்கு வெள்ளவத்தை யாழினி போட்ட பதிலைப் பார்த்ததில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்பு 7இல் ஒரு கலரி. கண்ணாடித் தொட்டிக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் சுடாத களிமண் பானை. ஒரு கிழமையாக அது மெல்ல மெல்லக் கரைந்ததாம். அதைப் பார்த்துவிட்டு வந்த இரவே அவவுக்கு மாசக்கணக்காக வராத கவிதை வந்துவிட்டதாம். ஆகவே எழுதுகிற எல்லாரும் செராமிக், சிற்பம், "வழமைக்கு மாறான" சமகாலக் கலை என்று பார்க்கப் போக வேண்டுமாம்.

எங்கட வீட்டில் பானை உடைந்தால் அம்மம்மா ஒரு நாள் முழுக்கப் பேசுவா. கொழும்பு 7இல் பானை கரைந்தால் ஷோர்ட் ஈட்ஸ் தந்து கைதட்டுகிறார்கள். எழுத வராவிட்டால் கதிரையில் குந்தி இருந்து எழுது. இதற்கு ஏன் பானை?

வெள்ளவத்தை யாழினி | இரவு 10.05

வாசன் அண்ணை, பாதியை வாசித்துவிட்டு முழுக்கக் கோவப்படுகிறது உங்கட பழைய பழக்கம். கதிரையில் இருக்க வேண்டாம் என்று நான் எங்கையும் எழுதேல்லை.

எனக்கு அதில் பிடிபட்டது இதுதான். பானை செய்கிறவர் அடியில் தொடங்கி விளிம்பில் முடிப்பார். தண்ணீர் அதை அப்படியே திருப்பிச் செய்தது. விளிம்புதான் முதலில் நெகிழ்ந்து விழுந்தது. பிறகு கழுத்து, பிறகு வயிறு. கடைசி நாள் போனபோது அடித்தட்டு மட்டும் கிடந்தது, அதில் செய்தவரின் விரல் தடம் வளையம் வளையமாக இருந்தது. வீட்டுக்கு வந்து என்ட கவிதையின் கடைசி வரியை எடுத்தேன். அடுத்து அதற்கு முந்தின வரியை எடுத்தேன். மேலே நாலு வரி மிஞ்சினது. அந்த நாலும்தான் கவிதை. கதிரையில் எத்தனை நாள் குந்தியிருந்தாலும் அது எனக்குத் தெரிந்திராது.

சூளைக்கிழவன் | இரவு 10.31

தங்கச்சி, ஒரு கிழமை என்றா சொன்னீர்? அப்ப அது சுடாத பானை இல்லை.

நான் செராமிக் தொழிற்சாலையில் சூளைப் பக்கம் வேலை செய்து ஓய்வெடுத்தவன். பொரலஸ்கமுவ வெண்களியை இந்தக் கையால் பிசைந்திருக்கிறேன். உடைந்த பச்சைத் துண்டுகளை, அதாவது சூளைக்குப் போகாததுகளை, நாங்கள் எறிகிறதில்லை. மொறுமொறு என்று காயவிட்டுத் தண்ணியில் போடுவம். போட்ட உடனே சோடா மாதிரிக் குமிழி கிளம்பும், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் தொட்டிக்குள் கூழ். காய்ந்த மண் தண்ணியை அவ்வளவு வேகமாக இழுக்கும். அது ஒரு கிழமை நிற்காது.

சுட்டது என்றால் கதை வேறை. 600 பாகை தாண்டினால் மண்ணுக்குள் கட்டுப்பட்டிருக்கிற தண்ணீரும் போய்விடும், பிறகு எந்தக் கடலில் போட்டாலும் அது களியாகாது. புத்தளம் பக்கம் பொம்பரிப்பில் தோண்டி எடுத்த தாழிகள் ஈராயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தவை. கரைந்ததா? உங்கட கலரிப் பானையை அரைகுறையாகச் சுட்டு வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் பசை கலந்திருப்பார்கள்.

ஒரே கேள்வி. குமிழி வந்ததா, இல்லையா?

வெள்ளவத்தை யாழினி | இரவு 10.44

ஐயா, நான் அங்கே போனது குமிழி எண்ண இல்லை. சுவரில் இருந்த அட்டையில் "சுடாத களிமண், நீர், கண்ணாடி" என்று மூன்று மொழியிலும் போட்டிருந்தது.

சூளைக்கிழவன் | இரவு 10.47

அட்டையில் போட்டால் சரியோ? எங்கட ஊர் ஐஸ்பழப் பெட்டியிலும் "சுத்தமான பால்" என்றுதான் போட்டிருந்தது.

குமிழி வந்ததா?

தெமட்டகொட ரிஸ்வான் | இரவு 11.02

ஔவையாருக்கிட்ட முருகன் சுட்ட பழமா சுடாத பழமான்னு கேட்ட கதைய ஸ்கூல்ல படிச்சது. அதுக்குப் பொறகு இப்பதான் இந்தப் பிரச்சினையில இவ்வளவு சீரியஸான ஆக்களப் பாக்குறேன்.

எனக்கு ஒரு டவுட் ஈக்கி. பானைய காய விடாம, ஈரத்தோடயே தண்ணிக்குள்ள வெச்சிருந்தா? ஈர மண் லேசில கரையாதே. ஒரு கிழமை என்ன, அதுக்கு மேலயும் நிக்கும். குமிழியும் வராது. சரிதானே?

வத்தளை வாசன் | இரவு 11.10

ரிஸ்வான், உமக்கு எல்லாம் பகிடி. நான் கேட்டது பானை சுட்டதா என்று இல்லை, பானையைப் பார்த்துக் கவிதை எழுதலாமா என்று. இந்தக் கூத்தெல்லாம் தொடங்கினது 1917இல். நியூயோர்க்கில் மார்செல் டூஷாம் ஒரு மூத்திரக் கோப்பையைக் கடையில் வாங்கி, "ஆர். மட்" என்று கையெழுத்துப் போட்டு, கண்காட்சிக்கு அனுப்பினான். அவர்களே அதை வைக்க மாட்டோம் என்றார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகு எங்கட ஆக்கள் அதைக் கும்பிடுகிறார்கள். கையால் ஒரு வேலையும் செய்யாதவன் கலைஞனாம்.

சூளைக்கிழவன் | இரவு 11.38

வாசன், உதில் உமக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கு. அவன் வாங்கின அசல் தொலைந்துபோச்சு. 1964இல் பழைய படத்தைப் பார்த்துத் திரும்பச் செய்வித்தார்கள். லண்டனில் டேட் என்ற கலைக்கூடத்தில் இப்ப இருக்கிறது அதில் ஒன்று. அது பீங்கான் கூட இல்லை. சாதாரண சுட்ட மண்ணுக்கு மேல் பீங்கான் மாதிரித் தெரிய வர்ணம் பூசினது! கடையில் வாங்கினதால்தான் பெருமை என்றார்கள், கடைசியில் யாரோ ஒரு வேலைக்காரன் கையால்தான் செய்தான். அவன்ட பேர் எந்த அட்டையில் இருக்கு?

அதே டேட்டில் 2010இல் சீனாக்காரர் ஐ வெய்வெய் பீங்கானில் சூரியகாந்தி விதை செய்து பரப்பினார். பத்துக் கோடி விதை. ஜிங்டெசென் என்ற பீங்கான் ஊரில் ஆயிரத்து அறுநூறு பேரளவில் இருந்து ஒவ்வொன்றாகத் தூரிகையால் கோடு போட்டார்கள். சனம் அதன்மேல் நடக்கலாம் என்று திறந்து, சில நாளிலேயே தூசு கிளம்புது, நெஞ்சுக்கு ஆகாது என்று மறித்துவிட்டார்கள். எங்கட பகுதியில் வேலை செய்தவர்களுக்கு அந்தத் தூசு புதினம் இல்லை. இருமி இருமிப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்த்து ஒருத்தரும் கவிதை எழுதேல்லை.

தங்கச்சி இன்னும் குமிழிக்குப் பதில் சொல்லேல்லை.

கொட்டாஞ்சேனை கணேஷ் | காலை 7.15

ராத்திரி பூரா நம்ம ஆளுங்க டேட், டேட்னு லண்டன்லயே நிக்கிறாங்க. பஸ் ஏறுனா கொழும்பு மியூசியம். அங்க பொலநறுவையில கிடைச்ச காரைக்கால் அம்மையார் வெண்கலம் இருக்கு, பாத்திருக்கீங்களா? வத்தின மார்பு, எலும்பு தெரியுற தோள், கையில தாளம். அழகா சிலை செய்யத் தெரிஞ்சவன் வேணும்னே அழகில்லாம செஞ்சிருக்கான். முகத்துல மட்டும் ஒரு சந்தோஷம். இதவிட வழமைக்கு மாறானது என்னங்க வேணும் ஒங்களுக்கு?

எங்க அப்பா கோயில் வேலை செஞ்சவர். மெழுகுல உருவம் செஞ்சு, மேல மண்ணு பூசி, சூடு காட்டி மெழுக வடிச்சு, அந்த எடத்துல உலோகம் ஊத்துவாரு. அப்புறம் மண்ண ஒடைக்கணும். ஒரு மண்ணுக்கு ஒரு சாமிதான். இந்தத் தொட்டி வித்தை எல்லாம் எங்களுக்கு வேணாம்.

வெள்ளவத்தை யாழினி | காலை 8.20

கணேஷ், அம்மையாரை நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தும் எழுதலாம், இதைப் பார்த்தும் எழுதலாம். ஏன் ஒன்றைச் சொன்னால் மற்றதை வெட்ட வேண்டும்?

வழமைக்கு மாறானது என்றால் வெளிநாட்டுக் கூத்து என்கிறவர்களுக்கு: சந்திரகுப்த தேனுவர 1997இல் பீப்பாய்களை வைத்துச் செய்த வேலை தெரியுமா? கொழும்புச் சந்திகளில் சென்றிப் பொயின்டில் நின்ற அதே இராணுவப் பச்சைப் பீப்பாய். அதற்குப் "பரலிசம்", பீப்பாய்வாதம், என்று பேரே வைத்தார். யாழ்ப்பாணத்துச் சனாதனன் இடம்பெயர்ந்த சனத்திடம் விட்டுவந்த வீட்டை ஞாபகத்தில் இருந்து வரையச் சொல்லி, 2011இல் புத்தகமாகவே ஒரு கலைப்பொருள் செய்தார். அதில் கிணறு, மாமரம், சாமியறை எல்லாம் சனத்தின் கைக்கோட்டில் இருக்கு. அதைப் பார்த்த பிறகுதான் ஒரு வீட்டை வாக்கியம் இல்லாமல் சொல்லலாம் என்று எனக்கு விளங்கினது. இதுவும் பேய்க்கதையா வாசன் அண்ணை?

தெமட்டகொட ரிஸ்வான் | காலை 8.41

அந்தப் பீப்பாய்க்குப் பக்கத்துல ஐடென்டிட்டி கார்ட தூக்கிப் புடிச்சிட்டு நின்டவனுக்கு அது என்னான்டு சொல்லித் தர தேவல்ல. கலரிக்குள்ள அதப் பாத்தப்ப என்ட கை தானா பொக்கெட்டுக்குப் போச்சு. பொய் இல்ல.

ஈர மண் விஷயத்துக்கு ஒருத்தரும் பதில் செல்லல்ல.

வத்தளை வாசன் | காலை 9.30

இடம்பெயர்ந்த சனத்தின் வீட்டையும் தொட்டித் தண்ணியையும் ஒரே கூடையில் போடாதேங்கோ. அது வலி. இது விளையாட்டு. நாங்களும் இடம்பெயர்ந்துதான் வத்தளைக்கு வந்தனாங்கள். வெள்ளவத்தை பிளட்டில் இருந்து கொழும்பு 7க்கு முச்சக்கர வண்டியில் போய்வந்து வலியைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.

வெள்ளவத்தை யாழினி | காலை 9.36

பஸ்ஸில் போனேன். 

உங்கட கோவம் எதில் என்று எல்லாருக்கும் தெரியும். போன முறை இந்தக் குழுவின் மலருக்கு நீங்கள் அனுப்பின கவிதையைப் போடேல்லை. தெரிவுக்குழுவில் நான் இருந்தேன். அதைப் பானையின் தலையில் இறக்காதேங்கோ.

வத்தளை வாசன் | காலை 9.41

அப்ப நீங்கள்தானா அது! நான் இவ்வளவு நாளும் வேறை ஆளை அல்லவா ஏசிக்கொண்டிருந்தேன். அறுபது வரிக் கவிதை. "நீளம்" என்று ஒரு சொல்லில் திருப்பி அனுப்பினீர்கள். இப்ப விளங்குது, தொட்டிக்குள் போட்டு நாலு வரியாக்கி இருந்தால் போட்டிருப்பீர்கள்.

சூளைக்கிழவன் | காலை 10.15

மலர்க் கதையைப் பிறகு கதையுங்கோ. விளிம்பு முதலில் போனது, அடி கடைசியில் போனது என்று தங்கச்சி பெரிதாக எழுதியிருக்கிறீர். விளிம்பு மெல்லிசு, அடி தடிப்பு. மெல்லிசு முதலில் போகும். அது கவிதை இல்லை, தடிப்பு.

மண்ணைத் தொடாமல் மண்ணைப் பற்றி எழுதக் கூடாது என்பது என்ட கட்சி. ஒருமுறை சூளையைத் திறந்தபோது, பச்சை வர வேண்டிய செம்புப் பூச்சு இரத்தச் சிவப்பாய் வந்திருந்தது. அடுப்புக்குக் காற்றுப் போதவில்லை. செம்பு அப்படித்தான், காற்று இருந்தால் பச்சை, மூச்சடைத்தால் சிவப்பு. மேலாளர் முழுவதையும் உடைக்கச் சொன்னார். உடைத்தோம். ஒரு குவளையை மட்டும் நான் சாரத்துக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் கிணற்றடியில் பல்லுத்தூரிகை அதற்குள்தான் நிற்கிறது. வெயில் பட்டால் ஒரு பக்கம் கருஞ்சிவப்பு, மற்றப் பக்கம் ஈரல் நிறம். அதன் பிறகு எத்தனையோ தரம் அந்தச் சிவப்பை எடுக்கப் பார்த்தேன், பிடிகொடுக்கவில்லை.

வெள்ளவத்தை யாழினி | காலை 10.22

ஐயா, நான் சொல்கிறதும் இதுதானே! எதிர்பாராமல் ஒன்று கண்ணில் பட்டு, அதைத் திரும்பப் பிடிக்க அலைந்திருக்கிறீர்கள். அதற்குப் பேர் என்ன?

சூளைக்கிழவன் | காலை 10.25

அதற்குப் பேர் பிழைபட்ட சூடு.

கொட்டாஞ்சேனை கணேஷ் | காலை 11.50

ஐயா, தொழிற்சாலை சாமான சாரத்துக்குள்ள எடுத்துட்டுப் போனது சரியா தப்பான்னு யாரும் கேக்கலையே.

சூளைக்கிழவன் | நண்பகல் 12.03

தம்பி, உடைக்கச் சொன்ன சாமான் அது. மியூசியத்தில் நிற்கிற உங்கட சாமிகளை யார் எங்கே இருந்து எடுத்தது என்று நான் கேட்டேனா? நீர் மெழுகு, மண் என்று எழுதினதிலும் பாதிதான் இருக்கு. பெரிய உருவத்துக்கு உள்ளே மண் கரு வைத்துத்தான் வார்ப்பார்கள். உலோகம் மிச்சம் பிடிக்க.

கொட்டாஞ்சேனை கணேஷ் | நண்பகல் 12.11

பொள்ளல் வார்ப்புக்குத்தான் கரு. சோழர் உற்சவ மூர்த்தி கனவார்ப்பு, உள்ள பூரா உலோகம். மிச்சம் புடிக்கிறது ஒங்க தொழிற்சாலைல. கோயில்ல இல்ல.

மட்டுறுத்துநர் | நண்பகல் 12.30

தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். மலர்த் தெரிவுக்குழு பற்றிய பதிவுகளை வேறு திரிக்கு மாற்றுகிறேன்.

வத்தளை வாசன் | நண்பகல் 12.34

ஏன் மாற்ற வேண்டும்? திரி என்னுடையது. அறுபது வரியையும் இங்கேயே போடுகிறேன், சனம் வாசித்துவிட்டுச் சொல்லட்டும்.

தெமட்டகொட ரிஸ்வான் | நண்பகல் 12.36

யா அல்லாஹ். மட்டுறுத்துநரே, பூட்டுங்க.

சூளைக்கிழவன் | நண்பகல் 12.52

பூட்டுகிறதுக்கு முன்னம் தங்கச்சியிடம் இருந்து ஒரு சொல் வேண்டும். வந்ததா, இல்லையா? கணேஷ் தம்பிக்கும் ஒன்று: கனவார்ப்பு என்றால் நிறை எவ்வளவு என்று எழுதும், கணக்குப் போட்டுப் பார்ப்பம்.

கொட்டாஞ்சேனை கணேஷ் | நண்பகல் 12.58

நீங்களே மியூசியத்துக்குத் தராசு கொண்டுபோங்க.