கொள்கை முன்மொழிவு திரும்பி வந்துவிட்டது: ‘யார், என்ன, எப்போது இல்லை’ என்கிறார்கள்

செவிக்காரி:
நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறனைப் பரிசோதிக்கும் நிபுணர். பொதுச் சுகாதார சங்கம் ஒன்றில் உறுப்பினராகி மூன்று வருஷம் ஆகிறது. இந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒரு கொள்கை முன்மொழிவு (உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஏற்றால் சங்கத்தின் நிலைப்பாடாகும் அறிக்கை) எழுதி அனுப்பினேன். இசை அரங்கு, கிளப், இயர்போன் என்று பொழுதுபோக்கில் காதுக்குள் போகும் இரைச்சல் பற்றியது. 14 பக்கம், 87 மேற்கோள். ஆறு மாத உழைப்பு.

நேற்று மீளாய்வுக் குழுவிடமிருந்து திரும்பி வந்தது. பிரச்சினையை விளக்கும் பகுதி ரொம்ப நீளமாம், எதிர்வாதப் பகுதி ஒப்புக்கு எழுதியது போல இருக்கிறதாம். மூன்றாவது கமெண்ட்தான் புரியவில்லை: “நடவடிக்கைப் பகுதியில் யார், என்ன, எப்போது என்பது இல்லை.” நான் எழுதியது இதுதான்:

“இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு குறித்து அரசும் தொடர்புடைய அனைவரும் மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும். இத்துறையில் மேலும் ஆய்வுகள் ஊக்குவிக்கப்பட வேண்டும்.”

இதில் என்ன தப்பு? திருத்தி அனுப்ப மூன்று வாரம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய மீளாய்வாளர்:
இந்த மாதிரி கமெண்ட் எழுதுற நாற்காலியில் ஆறு வருஷம் உட்கார்ந்தவன் நான், வேறொரு சங்கத்தில். அதனால கோபப்படாம கேளுங்க. “தொடர்புடைய அனைவரும்” என்றால் யாருமே இல்லைன்னு அர்த்தம்.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. உங்க முன்மொழிவு ஓட்டுல ஜெயிச்சு சங்கத்தின் கொள்கையாயிடுச்சு. இரண்டு வருஷம் கழிச்சு அரங்குகளுக்கான விதிகள் பற்றி ஒரு நகர மன்றம் கருத்துக் கேட்குது, நாளைக்குக் கடைசி நாள். சங்க அலுவலகத்துல ஒருத்தர் சாயங்காலம் நாலு மணிக்கு உங்க அறிக்கையைத் திறக்கிறார். கடிதத்துல எடுத்துப் போட அவருக்கு ஒரு வரி வேணும். நீங்க எழுதினதிலிருந்து எதை எடுப்பார்? சங்கம் சட்டம் போட முடியாது. கடிதம் எழுதலாம், சாட்சியம் சொல்லலாம், மத்த அமைப்புகளோட சேர்ந்து கையெழுத்துப் போடலாம், அவ்வளவுதான். அதனால ஒவ்வொரு நடவடிக்கையும் யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் ஆரம்பிக்கணும். இப்படி:

“இசை அரங்குகளுக்கு உரிமம் வழங்கும் உள்ளாட்சி அமைப்புகள், உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரத்தின்படி, 15 நிமிடச் சராசரி ஒலி அளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பதை உரிம நிபந்தனையாக்க வேண்டும்.”

இயர்போனுக்கும் இதே மாதிரி. 2019இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து கொண்டுவந்த தரத்துல, பெரியவங்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 என்று இருக்கு. அதை யார் கட்டாயமாக்கணும்னு எழுதுங்க. “மேலும் ஆய்வுகள்” வரியை அடிச்சிடுங்க. எந்தக் கேள்விக்கு ஆய்வு, யார் பணம் தரணும்னு சொல்ல முடிஞ்சா மட்டும் வைக்கலாம்.

இப்போ என் மானம் போன கதை. என் முதல் முன்மொழிவு தொழிற்சாலை இரைச்சல் பற்றியது. முதல் பக்கத்துல அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைத்த 85 டெசிபல், எட்டு மணி நேரம். ஒன்பதாம் பக்கத்து அட்டவணை மட்டும் அங்கே சட்டத்தை அமல்படுத்துற ஓஷாவின் 90 டெசிபல் கணக்கு. நான் கவனிக்கவே இல்லை. உறுப்பினர்கள் கருத்துச் சொல்ற திறந்த அமர்வுல ஒரு அம்மா மைக் முன்னால வந்து, “100 டெசிபல்ல ஒரு தொழிலாளி எவ்வளவு நேரம் இருக்கலாம்?” என்று கேட்டாங்க. நியோஷ் கணக்குல 3 டெசிபல் கூடினா நேரம் பாதியாகும், அதனால 15 நிமிஷம். ஓஷா கணக்குல 5 கூடினாத்தான் பாதி, அதனால 2 மணி நேரம். இரண்டு பதிலும் என் தாளிலேயே இருந்தது. நான் மேடையில நின்னு பக்கத்தைப் புரட்டிக்கிட்டே இருந்தேன். அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டாங்க.

ஓட்டுப் போடுறவங்கள்ல பாதிப் பேருக்கு உங்க துறை தெரியாது. தடுப்பூசிக்காரர் இருப்பார், குடிநீர்க்காரர் இருப்பார். அவங்களுக்கு எண்ணுல முரண்பாடு தெரிஞ்சா மொத்தத் தாள் மேலயும் நம்பிக்கை போயிடும்.

இரண்டாம் கருத்து:
மேலே சொன்னதில் ஒன்று எனக்கு உடன்பாடில்லை. 100 என்ற எண்ணைக் கொள்கைக்குள் அடித்து வைத்தால், நாளைக்குத் தரம் 97 ஆகும்போது சங்கம் பழைய எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அரங்கு உரிமையாளர்கள் சங்கத்தின் அறிக்கையையே எடுத்துக் காட்டி “உங்கள் ஆட்களே 100 போதும் என்கிறார்களே” என்பார்கள்.

இன்னொன்று, பழைய கொள்கைகளைத் தேடினீர்களா? இரைச்சல் பற்றி ஏற்கெனவே அறிக்கை இருந்தால், அதற்குமேல் உங்களுடையது என்ன புதிதாகச் சொல்கிறது என்று முதல் பத்தியிலேயே வர வேண்டும். இல்லாவிட்டால் அதற்கே திருப்பி அனுப்புவார்கள்.

பழைய மீளாய்வாளர்:
எண் விஷயம் நியாயம்தான். “அல்லது அதைவிடக் கடுமையான நடப்புத் தரம்” என்று சேர்த்தா சரியாயிடும். எண்ணே இல்லாம விட்டா மட்டும் மறுபடி விழிப்புணர்வுக்கே போயிடுவோம்.

எதிர்வாதம் பற்றி மறந்துட்டேன். “வர்த்தக நலன்கள் எதிர்க்கும்”னு எழுதியிருப்பீங்க, எல்லாரும் எழுதுறாங்க. உண்மையான எதிர்வாதம் இது: 85 என்பது தினமும் எட்டு மணி நேரம், வருஷக்கணக்கில் வேலை செய்றவங்களுக்கு வந்த எண், மாசத்துக்கு ஒரு கச்சேரிக்குப் போறவருக்கு அது எப்படிப் பொருந்தும்? இதை எதிராளி கேட்கறதுக்கு முன்னாடி நீங்களே, அவரைவிட நல்லா எழுதுங்க. 85ம் முழுப் பாதுகாப்பு இல்லைங்கிறதையும் மறைக்காதீங்க. 40 வருஷ வேலைக்காலத்துல அந்த அளவிலேயே 100ல் 8 பேருக்குக் கூடுதலாகச் செவித்திறன் இழப்பு வரலாம்னுதான் நியோஷ் 1998இல் கணக்கிட்டது.

புது ஆள்:
நேரம் போதாவிட்டால் அவசர முன்மொழிவாகப் போட முடியாதா?

பழைய மீளாய்வாளர்:
வேண்டாம். அது கடைசித் தேதிக்கு அப்புறம் ஏதாவது புதுசா நடந்தா மட்டும்தான். அமெரிக்கப் பொதுச் சுகாதார சங்கத்துலயும் அப்படிப்பட்டது ஒரு வருஷத்துக்குத்தான் நிற்கும். இரைச்சல் நேத்து ஆரம்பிக்கலையே!

செவிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. தேடினேன், பழைய அறிக்கை ஒன்று இருக்கிறது, ஆனால் தொழிலிடம் பற்றி மட்டும். அதைச் சொல்லியே ஆரம்பித்துவிட்டேன். நடவடிக்கை நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி. விளக்கப் பகுதி ஐந்து பக்கம் குறைந்தது, மேற்கோள் 41 ஆனது. எதிர்வாதம்தான் இன்னும் இழுக்கிறது, மாசத்துக்கு ஒரு கச்சேரிக்காரர் என்னைத் தூங்க விடவில்லை.

அந்த 100 டெசிபல் கேள்வியை என் டிராஃப்டிடமும் கேட்டுப் பார்த்தேன். மூன்று பதில் கிடைத்தது.