புதுப்பிப்பு: தங்கச்சி பொருளியல் எடுத்துவிட்டாள்

போன மாதம் கேட்டிருந்தேன்: ஹட்டனில் கலைப்பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிய தங்கச்சிக்குப் பேராதனைக் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது, முகாமைத்துவப் பட்டம் இல்லாமல் தேயிலை வணிகத்துக்குள் போக எந்தப் பாடம் நல்லது என்று.

பொருளியலும் புள்ளிவிபரவியலும் எடுத்திருக்கிறாள். புவியியல் சொன்னவர்களுக்கும் நன்றி. ஆனால் 1883 முதல் கொழும்பில் நடக்கும் தேயிலை ஏலத்தில் விலை ஏன் ஏறி இறங்குகிறது, டொலர் மாறினால் ஏற்றுமதிக்காரருக்கு என்ன மிஞ்சும் என்பதையெல்லாம் அவள் கணக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறாள். அம்மா முப்பது வருடம் பறித்த கொழுந்து அல்லவா.

வணிகக் கணக்கு வைக்கும் பாடமான கணக்கீடுதான் குறை. அதற்கு வார இறுதியில் ஏ.ஏ.டி. என்ற கணக்கீட்டுத் தொழிற்படிப்பு வகுப்பு. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு கணக்குகளில் எழுதும் இரட்டைப் பதிவில் முதலில் திணறினாள், இப்போது சரி. ஆங்கிலத்தை விடாதே என்ற அக்காவுக்குத் தனி நன்றி, தினமும் வாசிக்கிறாள்.