சக்கிமுக்கித் துப்பாக்கி: கிண்ணத்தில் தீ பற்றுகிறது, குழலில் பற்றுவதில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி:

வணக்கம். என்னிடம் .50 காலிபர் ஃப்ளின்ட்லாக் (சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் துப்பாக்கி) இருக்கிறது, குழல் வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கும் ரகம். இலக்குப் பலகையில் சுடுவதற்கு மட்டும்தான். இது எப்போது வெடிக்கும், எப்போது வெடிக்காது என்று சொல்லவே முடியவில்லை. சில நேரம் பொறியே வருவதில்லை. சில நேரம் குழலின் பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரிந்து அதோடு நின்றுவிடுகிறது. இன்னும் சில நேரம் புஸ்ஸென்று இழுத்து, ஒரு கணம் கழித்து வெடிக்கிறது. துடைத்து எண்ணெய் போட்டு வைத்த பிறகு வரும் முதல் வெடிதான் ரொம்ப மோசம்.

கிண்ணத்தில் நாலு எஃப் (மிக நுண்ணிய பொடி) கருமருந்து. குழலுக்குள் கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்து. கல் புதியது. கிண்ணத்துத் தீ குழலுக்குள் போகும் பக்கத் துளையை ட்ரில் வைத்துப் பெரிதாக்கினால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில் 1:

ட்ரில்லைத் தொடாதீர்கள். மற்றதை எல்லாம் பார்த்த பிறகு, அதைக் கடைசியாக யோசித்தால் போதும். துளை பொதுவாக 1.6 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். விரித்துவிட்டால் திரும்பச் சுருக்க முடியாது, துளையில் பொருத்தும் உள்குழாயான லைனரைத்தான் புதிதாகப் போட வேண்டும். பக்கவாட்டில் பீறிடும் தீயும் கூடும், அருகில் நிற்பவருக்கு ஆபத்து.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கியை இறக்காதீர்கள். குழல் இலக்கைப் பார்த்தபடியே குறைந்தது ஒரு நிமிடம் பிடித்திருங்கள். நீங்கள் சொல்லும் அந்த ‘இழுத்து வெடிப்பது’ சில விநாடி தாமதமாகவும் வரலாம்.

உங்களுக்கு இருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று. பொறி வராதது கல்லும் ஃப்ரிஸனும் (கல் மோதி உரசும் எஃகுத் தகடு) சம்பந்தப்பட்டது. கிண்ணத்தோடு நிற்பது துளையும் குழல் மருந்தும் சம்பந்தப்பட்டது. இழுத்து வெடிப்பது பெரும்பாலும் துளைக்குள் மருந்தோ கரியோ அடைத்திருப்பதால். துளை காலியாக இருந்தால் கிண்ணத்துச் சுவாலை நேராக உள்ளே பாயும். மருந்து நிரம்பியிருந்தால் அது திரி போல ஓரத்திலிருந்து எரிந்துகொண்டே போக வேண்டும், அதனால்தான் அந்தப் புஸ். குழலில் மருந்து போடும்போது துளையில் ஊசி ஒன்றைச் செருகி வையுங்கள், கெட்டித்த பிறகு உருவிவிடலாம். அப்புறம் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். மருந்து துளைக்குக் கீழேயே இருக்கட்டும்.

முதல் வெடி மோசம் என்றால் எனக்கு எண்ணெய் மேல்தான் சந்தேகம். குழலைக் குழல் வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வைக்கிறீர்களா, நிமிர்த்தி வைக்கிறீர்களா? நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் முழுவதும் அடியில் மருந்து உட்காரும் இடத்துக்கே இறங்கும். சுடுவதற்கு முன் ஆல்கஹால் நனைத்த துணியும், அதன் பிறகு உலர்ந்த துணியும் விட்டு அந்த இடத்தைக் காய வையுங்கள். கிண்ணத்தையும் ஃப்ரிஸன் முகத்தையும் அதேபோலத் துடைக்க வேண்டும்.

பதில் 2:

முன்னவர் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது: குழலுக்குள் இருக்கும் மாற்று மருந்து. கருமருந்தைவிட அது பற்ற அதிக வெப்பம் வேண்டும். அடித்தால் வெடிக்கும் சிறு உலோகத் தொப்பி வைத்துச் சுடும் துப்பாக்கிக்கு அது சரிப்படும். இங்கே துளை வழியாக வரும் சிறு சுவாலையை நம்பியிருக்கிறோம். ஃப்ளின்ட்லாக்கில் உள்ளேயும் வெளியேயும் அசல் கருமருந்து போடுங்கள். அளவைத் துப்பாக்கி செய்தவர்கள் கொடுத்த வழிகாட்டியில் பார்த்துப் போடுங்கள், ஊகம் வேண்டாம்.

பொறி பற்றி: எரிவது கல்லின் துகள் இல்லை. கல் சுரண்டி எடுக்கும் எஃகுத் துகள்தான் சூடாகி எரிகிறது. அதனால் கல் புதிதாக இருந்தால் மட்டும் போதாது. ஃப்ரிஸன் முகத்தில் கீறல் எப்படி விழுகிறது? கல்லின் கூர்முனை முழு அகலத்துக்கும் ஒரே நேரத்தில் படுகிறதா?

கேட்டவர்:

பார்த்தேன். கீறல் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருக்கிறது, மறுபக்கம் பளபளப்பாகவே இருக்கிறது. துளைக்குள் விட்ட பைப் கிளீனரில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டி வந்தது. துப்பாக்கியை நிமிர்த்திதான் வைக்கிறேன்.

பதில் 2:

அப்படியானால் கல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. குதிரையின் (கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியல் பகுதி) தாடையைத் தளர்த்தி, கல்லைத் தோல் துண்டில் சுற்றி, கூர்முனை ஃப்ரிஸனுக்கு இணையாக வரும்படி வைத்து இறுக்குங்கள். துப்பாக்கி காலியாக இருக்கும்போது மட்டும் இந்த வேலை. காலி என்பதைக் கெட்டிக்கோலைக் குழலுக்குள் விட்டு, அது அடி வரை போகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். குதிரையைப் பாதி மட்டும் பின்னால் இழுத்து நிறுத்திய நிலையில் (அரை இழுப்பு) கல் ஃப்ரிஸனைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அடி ஃப்ரிஸனின் மேல் பகுதியில் விழுந்து கீழே சுரண்டிக்கொண்டு வர வேண்டும். கூர் மழுங்கியிருந்தால் சின்னச் சின்னதாகத் தட்டிப் புதுக்கூர் எடுக்கலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சில்லு தெறிக்கும்.

இதற்குப் பிறகும் பொறி மங்கலாகச் சிவப்பாக வந்தால் ஃப்ரிஸன் மென்மையாக இருக்கலாம். ஓரத்தில் அரம் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் நல்ல கடினம், கடித்தால் மென்மை. மறுபடி கடினமாக்குவது துப்பாக்கிப் பட்டறைக்காரர் வேலை, வீட்டு அடுப்பில் வேண்டாம்.

கேட்டவர்:

கல்லை நேராக்கினேன், உள்ளே உலர்த்தி அசல் கருமருந்துக்கு மாறினேன். கிண்ணத்துத் தீயும் வெடியும் இப்போது ஒன்றாகவே கேட்கின்றன, முதல் வெடியிலும் கூட. தொடர்ந்து சுடும்போது கொஞ்ச நேரத்தில் பொறி மறுபடி குறைகிறது. அது ஒன்றுதான் பாக்கி.

பதில் 1:

அது கரி. கருமருந்து எரிந்தபின் தங்கும் கசடு காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஈரப்பதம் அதிகமான நாளில் சீக்கிரமே குழம்பாகிவிடும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கல்லின் கூர்முனை, ஃப்ரிஸன் முகம், கிண்ணம் மூன்றையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, துளையில் ஊசி விட்டு எடுங்கள். கிண்ணத்து மருந்தைச் சுடுவதற்குச் சற்று முன்புதான் போட வேண்டும். போட்டு நெடுநேரம் காத்திருந்தால் அதைத் தட்டிவிட்டுப் புதிது போடுங்கள்.