வெள்ளிமுடியார் வெறும் துணைதானா? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மணல்வெளி:

அமெரிக்க மேற்கில் நடக்கும் இத்தாலியச் சித்திரக்கதைத் தொடரின் நாயகன், ரேஞ்சர் காவல்படை வீரன் டெக்ஸ் வில்லரை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் என் அண்ணன் மகளுக்கு ஒரு டெக்ஸ் சாகசத்தை வாசிக்கக் கொடுத்தேன். அவளுக்குப் பதினொரு வயது. நாற்பது பக்கம் வரை சத்தமே இல்லை. பிறகு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். குறுகலான கணவாய்க்குள் நால்வரும் குதிரையில் நுழைகிறார்கள். டெக்ஸ், அவன் மகன் கிட் வில்லர், நவஹோப் பழங்குடி நண்பன் டைகர் ஜாக் மூவரும் எதிரே உள்ள பாதையைப் பார்த்திருக்க, டெக்ஸின் மூத்த தோழர் கார்சன், அதாவது நம் வெள்ளிமுடியார், மட்டும் சேணத்தில் ஒரு கையை ஊன்றி, உடம்பைத் திருப்பி, மேலே பாறை விளிம்பை நோக்குகிறார். தொப்பியின் நிழலில் கண்கள் தெரியவில்லை. தாடியின் நுனி மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

"சித்தப்பா, இந்தத் தாத்தாவுக்குப் பயமாக இருக்கிறது. பிறகு ஏன் உள்ளே போகிறார்?" என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகளாக இந்தத் தொடரை வாசித்து வருகிறேன். எனக்குக் கார்சன் என்றால் முணுமுணுப்பு, மூன்று விரல் தடிமனில் இறைச்சித் துண்டு, பக்கத்தில் மலைபோல் உருளைக்கிழங்கு வறுவல், டெக்ஸின் வாயிலிருந்து 'கிழட்டு ஒட்டகமே' என்ற செல்லத் திட்டு, அவ்வளவுதான். அந்தக் குழந்தை கண்டதை நான் கண்டதே இல்லை. கதைக்கு அப்படித் தேவைப்படுகிறது என்று ஏதோ சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் அன்றிரவே எனக்குக் கசந்தது. 1948 செப்டம்பரில் முதல் இதழ் வந்த நாளிலிருந்து டெக்ஸுக்கு அச்சம் என்பது கிடையாது. அச்சமற்றவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கணவாய் எவ்வளவு ஆபத்தானது என்பது வாசகனுக்கு எப்படித் தெரியும்? கார்சனின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. அவர் இல்லாவிட்டால் இந்தத் தொடரில் ஆபத்தே இல்லை என்பது என் இப்போதைய எண்ணம். இப்படி ஒரு கணம் உங்களுக்கும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

தாள்வாசம்:

மணல்வெளி அவர்களே, உங்கள் அண்ணன் மகளின் கேள்வி அருமையானது. ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

என் நெருங்கிய நண்பர் ஒருவர் இந்தத் தொடரை வாசிப்பதையே நிறுத்திவிட்டார், அதற்குக் காரணம் கார்சன்தான். காரணம் கேட்டு அவர் வீட்டுக்குப் போனபோது, ஒன்றும் பேசாமல் ஒரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். பக்க ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். கார்சன் உணவைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் ஒரு கோடு. டெக்ஸ் அவரைக் கிண்டல் செய்யும் இடமெல்லாம் இன்னொரு கோடு. ஒரே கதையில் பதினேழு கோடுகள். "இவர் ஒரு ரேஞ்சர். இவருடைய பெயரைத்தான் டெக்ஸ் தன் மகனுக்கு வைத்தான். இப்போது இவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் வேலை இதுதான்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். அந்தப் பென்சில் கோடுகள் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை, ஏனென்றால் அதே கதையை நான் சிரித்துக்கொண்டே வாசித்து முடித்திருந்தேன்.

எனவே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 'கார்சனின் பாத்திரம்' என்று ஒன்றைப் பற்றிப் பேசுவதே பிழை. ஜான் லூயிஜி பொனெல்லி எழுதிய கார்சன், அவருடைய மகன் செர்ஜியோ, குயிடோ நொலிட்டா என்ற புனைபெயரில் எழுதிய கார்சன், கிளாடியோ நிஸ்ஸி எழுதிய கார்சன், மௌரோ போசெல்லி எழுதிய கார்சன் ஆகியோர் ஒரே தொப்பியை அணிந்த வெவ்வேறு மனிதர்கள். ஒருவர் கையில் டெக்ஸுக்குச் சமமாகச் சுடுகிறார். இன்னொருவர் கையில் டெக்ஸ் சொல்வதற்குத் தலையாட்டவே இருக்கிறார். நீங்கள் சொல்லும் அந்தத் திரும்பிப் பார்க்கும் கட்டம் கதாசிரியர் எழுதியதா, ஓவியர் தாமாகச் சேர்த்ததா என்பதும் தெரியாது. ஒரு கட்டத்தை வைத்துத் தொடர் முழுவதற்கும் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது என் பணிவான கருத்து.

பழுப்பட்டை:

நீங்கள் இருவரும் காகிதத்தில் உள்ள கார்சனைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். என்னை உறங்கவிடாதது வேறொன்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நூலகத்தில் அமெரிக்க மேற்குப் பகுதியின் வரலாற்று நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கிட் கார்சன் என்ற பெயரைக் கண்டதும் பழைய நண்பரைக் கூட்டத்தில் கண்டுபிடித்ததுபோல மகிழ்ச்சியோடு அந்தப் பக்கத்தில் நின்றேன். கார்சன் உண்மையாகவே வாழ்ந்த மனிதர் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. 1809இல் பிறந்தவர், மலைகளில் பொறி வைத்துப் பிராணிகளைப் பிடித்து வாழ்ந்தவர், வழிகாட்டி, அவ்வளவே தெரியும். அந்தப் பக்கம் 1863ஆம் ஆண்டைப் பற்றியது. தளபதி ஜேம்ஸ் கார்ல்டனின் ஆணைப்படி நவஹோ மக்களைப் பணியவைக்கச் சென்ற படைக்குத் தலைமை ஏற்றவர் கார்சன். போர் என்று சொல்லத்தக்கது அதிகம் நடக்கவில்லை. சோள வயல்களைக் கொளுத்தினார்கள், ஆடுகளைக் கவர்ந்தார்கள், பசி தன் வேலையைச் செய்யட்டும் என்று காத்திருந்தார்கள். 1864 ஜனவரியில் படை டி ஷே பள்ளத்தாக்குக்குள் புகுந்தது. அதே ஆண்டில் பள்ளத்தாக்கில் அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்த பீச் மரங்களைப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள்.

பீச் மரங்கள் என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. பசித்த எதிரியின் தானியத்தைக் கொளுத்துவதற்குக்கூட ஒரு போர்க் கணக்கு இருக்கலாம். ஆனால் ஒரு பழமரம் வளர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது வெட்டுகிறவனுக்கும் தெரியும். பிறகு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நவஹோக்கள் பல நூறு கிலோமீட்டர் நடத்திச் செல்லப்பட்டு, போஸ்கே ரெடோண்டோ என்ற வறண்ட நிலத்தில் அடைக்கப்பட்டார்கள். அந்த நடைப்பயணத்தை அவர்கள் இன்றும் நெடுநடை என்றே நினைவுகூர்கிறார்கள். அவர்கள் ஊர் திரும்ப வழி செய்த ஒப்பந்தம் 1868 ஜூன் 1ஆம் தேதி கையெழுத்தானது. கார்சன் அதற்கு ஒன்பது நாள் முன்பு, மே 23இல் இறந்துபோயிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து கைக்கு அகப்பட்ட ஒரு டெக்ஸ் புத்தகத்தைத் திறந்தேன். நவஹோக் குடியிருப்பு. டெக்ஸ் அங்கே தலைவன், இரவுக் கழுகு. நெருப்புக்குப் பக்கத்தில் கார்சன் காலை நீட்டி அமர்ந்திருக்கிறார். குழந்தைகள் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். அந்த மக்கள் அவரை வெள்ளிமுடியார் என்று அன்போடு அழைக்கிறார்கள். அந்தப் பக்கத்தை என்னால் புரட்ட முடியவில்லை. பொனெல்லியும் ஓவியர் கலெப்பினியும் இத்தாலியில் உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த புகழ்பெற்ற பெயர்களில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள் என்பதை நான் அறிவேன். அவர்கள் படைத்த மனிதர் முற்றிலும் கற்பனை என்பதையும் அறிவேன். ஆனால் ஒரு மக்களின் நண்பனாகச் சித்திரிக்கப்பட்டவனுக்கு, அவர்களுடைய பழமரங்களை வெட்டிய படையை நடத்தியவனின் பெயர் வாய்த்துவிட்டது.

தாள்வாசம் அவர்களுக்கு ஒரு மறுப்பு. பென்சில் கோடுகளை எண்ணுவதால் கார்சனின் மதிப்பு குறைந்துவிடாது. பசியைப் பற்றிப் பேசுகிற மனிதர் என்பதுதான் அவரைச் சிலையாகிவிடாமல் காக்கிறது. என் சங்கடம் நேர் எதிரானது. இத்தனை இனியவராக அவரைப் படைத்ததால்தான் அந்தப் பெயர் கேள்வியின்றி நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. மணல்வெளி, உங்கள் அண்ணன் மகள் ஒருநாள் இதைத் தெரிந்துகொள்வாள். உங்களிடமிருந்து தெரிந்துகொள்ளட்டும்.

நான்காவது குதிரை:

என் அனுபவம் சிறியது. என்னுடன் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே அறையில் பணியாற்றிய மூத்தவர் ஒருவர் ஓய்வுபெற்ற நாளில் அவருக்கு 'கார்சனின் கடந்த காலம்' கதையைப் பரிசளித்தேன். அவர் சித்திரக்கதை வாசிப்பவர் அல்லர். ஒரு வாரம் கழித்து, "எனக்கும் ஒரு இளமை இருந்தது என்று இதுவரை யாரும் நினைத்ததில்லை, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

இனி, தாள்வாசத்தின் நண்பரைப்போல் சலிப்படைந்தவர்களுக்குச் சில யோசனைகளைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். முதலில், கார்சனை மதிப்பிட விரும்புகிறவர் டெக்ஸ் இல்லாத பக்கங்களைத் தேடி வாசிக்க வேண்டும். நால்வரும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து செல்லும் கதைகள் நிறைய உண்டு. கார்சன் கிட் வில்லரோடு செல்லும் பகுதிகளைக் கவனித்தால், அங்கே முணுமுணுப்பு பாதியாகக் குறைந்திருப்பதைக் காணலாம், ஏனென்றால் இளையவன் முன்னால் அவர் மூத்தவராக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. டெக்ஸ் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவர் சிறுவனாகிறார். இதைக் கவனிக்காமல் கோடுகளை மட்டும் எண்ணுவது நியாயமாகாது.

அடுத்து, வாசிக்கும் வரிசை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மந்திரவாதி வில்லன் மெஃபிஸ்டோவின் மாயாஜாலக் கதைகளை முதலில் கொடுக்காதீர்கள். அங்கே கார்சனின் கலக்கம் மிகையாகத் தெரியும், அவரைக் கோழை என்றே எண்ணிவிடுவார்கள். முதலில் ஒரு சாதாரணத் துரத்தல் கதை, பிறகு நீண்ட சாகசம் ஒன்று, அதன் பிறகே 1994இல் போசெல்லி எழுதி கார்லோ மார்செல்லோ வரைந்த 'கார்சனின் கடந்த காலம்'. அதை முதலிலேயே வாசித்தவர்கள், மற்றக் கதைகளில் வரும் கார்சனைக் கண்டு ஏமாந்துபோகிறார்கள். வெகு காலம் அவரை வேடிக்கை மனிதராகவே பார்த்துப் பழகிய பிறகு, அவருக்கென்று ஒரு நட்பும் ஒரு காதலும் இருந்தன என்று அறியும்போதுதான் அந்தக் கதை நெஞ்சில் இறங்கும்.

மூன்றாவதாக, வேகமாக வாசிக்காதீர்கள். கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள் நிற்பதற்கு இடம் கேட்பவை. பேச்சுக் குமிழ்களை மட்டும் படித்துக்கொண்டே போகிறவருக்குக் கார்சன் முணுமுணுப்பவராகவே தெரிவார். அவருடைய கைகளைப் பாருங்கள். வாய் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் அதே கட்டத்தில் கை துப்பாக்கியில் தோட்டாக்களை நிரப்பிக்கொண்டிருக்கும்.

பழுப்பட்டை எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு முறை வாசித்தேன்.

தாள்வாசம்:

நான்காவது குதிரை அவர்களே, என் நண்பருக்கு வாசிக்கத் தெரியாது என்ற தொனி உங்கள் யோசனைகளில் இருக்கிறது. அவர் கைகளையும் பார்த்தவர்தான். ஆனால் உங்கள் மூத்தவர் சொன்ன அந்த ஒரு வரியை அவரிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் கதையில் தான் எங்கும் கோடு போடவில்லை என்றார். இதை நான் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். தொடர் எழுதுகிறவர்கள் அவரை மலிவாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற என் வாதத்தை நான் கைவிடவில்லை.

மணல்வெளி:

பழுப்பட்டை அவர்களே, நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு கார்சன்கள் இருந்தார்கள், ஒருவர் வாழ்ந்தவர், ஒருவர் வரையப்பட்டவர் என்று தொடங்கினேன். வயல்கள், நெடுநடை, பீச் மரங்கள், ஒன்பது நாள், எல்லாவற்றையும் சொன்னேன். தன்னுடைய அந்தத் தாத்தாவை நான் பறித்துவிட்டேன் என்று அழுவாள் என எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. அந்த மரங்கள் மறுபடி வளர்ந்தனவா என்று கேட்டாள். திரும்பி வந்தவர்கள் அதே பள்ளத்தாக்கில் மீண்டும் பீச் வளர்த்தார்கள் என்று சொன்னேன்.

பிறகு அவளே அந்தப் பழைய பக்கத்தை எடுத்தாள். அடுத்த பக்கத்தையும் பார்க்கச் சொன்னாள். பாறை விளிம்பில் யாருமே இல்லை. தாக்குதல் கணவாயின் மறுமுனையிலிருந்து வருகிறது. கார்சன் பார்த்த திசையே தவறு! முப்பது ஆண்டு வாசகனான எனக்கும், உங்களுக்கெல்லாம் அந்தக் கட்டத்தை அத்தனை பெருமையாக விவரித்த எனக்கும், இது கண்ணில் படவே இல்லை. "தவறாகப் பார்த்தாலும் பரவாயில்லை சித்தப்பா, யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்க்க வேண்டுமே" என்றாள். வாழ்ந்த கார்சன் நல்லவரா என்றும் கேட்டாள். நவஹோக்களைக் கேட்டால் இல்லை என்பார்கள் என்றேன். அப்படியானால் இவருக்கு வேறு பெயர் வைத்திருக்கலாமே என்றாள்.

புத்தகத்தைத் தன் பையில் வைத்து எடுத்துப் போயிருக்கிறாள். இன்னும் முப்பது பக்கம் மீதம் இருக்கிறது.